வரப்பில் உட்கார்ந்தவர்

மேற்கு மலைகளின் உட்புறத்தே, பேருந்தை விட்டிறங்கி ஒன்றரை நாள் நடந்தால் அடையக்கூடிய சிகரம் ஒன்று உண்டு. அதன் உச்சிக்கு வழி ஒன்றே. இரண்டு பாறைத் தோள்களை இணைத்துக்கொண்டு முந்நூறு அடி நீளத்திற்கு ஒரு முகடு ஓடுகிறது. அகலம் ஒன்றரை அடி. இருபுறமும் பாதாளம். மலைக்குடி மக்கள் அதற்கு 'வரப்பு' என்று பெயரிட்டிருக்கிறார்கள். களையெடுக்கப் போகிறவர்களைப்போல அதன்மேல் போய் வருகிறார்கள்.

ஒன்றரை அடி என்று கண்ணாலேயே அளந்து சொன்னவர் செவ்வந்தியப்பர். முப்பத்தைந்து ஆண்டுகள் அரசாங்க நில அளவையாளராகச் சங்கிலி பிடித்தவர். ஓய்வு பெற்றபின் மலையடிவாரத்து மடமொன்றில், தம் மகன் வயதினரான உமாபதி அடிகளிடம் சீடராகச் சேர்ந்தார். தலை நரைத்தவர் தாடி கறுத்தவரின் காலில் விழுகிறாரே என்று சம்பந்தி வீட்டார் கேலி பேசினர். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. மடத்து ஒழுங்குகளை அணுவளவும் பிசகாமல் கடைப்பிடித்தார். குருவின் தலைக்கு மேலே தம் தலை உயர்ந்திருப்பதை மட்டும் அவரால் தாங்க இயலாது. அடிகள் தரையில் அமர்ந்தால், சாணம் கிடந்தாலும் பாராமல் அவரும் அமர்ந்துவிடுவார்.

அவரிடம் ஒரு கேள்வி இருந்தது.

"சுவாமி, உச்சியிலிருந்து பார்த்தால் என்ன தெரியும்?"

"போய்ப் பார்ப்போம்" என்பதற்குமேல் அடிகள் சொன்னதில்லை.

இருமுறை போனார்கள். இருமுறையும் வரப்பின் தொடக்கத்தில் செவ்வந்தியப்பர் கால் வைக்க அஞ்சி நின்றுவிட்டார். அடிகளும் அவரோடு திரும்பி வந்தார். மூன்றாம் ஆண்டில் கண் மருத்துவர் ஒரு செய்தி சொன்னார். கண் நரம்பு வாடி வருகிறதாம். அடுத்த ஆண்டு இந்நேரம் பார்வை எவ்வளவு எஞ்சும் என்று உறுதி கூற இயலாதாம். ஆகவே உச்சியைக் காண வேண்டுமெனில் இந்த ஆண்டே காண வேண்டும்.

மூன்றாம் முறை புறப்பட்டார்கள். இரண்டாம் நாள் காலையில் வரப்பை அடைந்து, ஊன்றுகோல்களைப் பாறையோரம் சாய்த்து வைத்தார்கள். அடிகள் முன்னே நடந்தார். செவ்வந்தியப்பர் அவருடைய குதிகாலின் வெடிப்பில் பார்வையை ஊன்றி, காலடிகளை எண்ணிக்கொண்டே பின்தொடர்ந்தார். வானம் எந்தப் பக்கம், பள்ளம் எந்தப் பக்கம் என்று அவர் அறியார். குதிகால் மட்டும் இருந்தது. நூற்று நாற்பதாம் அடியில் அந்தக் குதிகால் நின்றுவிட்டது.

எதிரே ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். பெயர் பொம்மி. அப்பாலுள்ள செங்குத்துப் பாறையில் தேனெடுத்துத் திரும்புகிறவள். நெற்றியில் பட்டை மாட்டி, முதுகில் தேன் டின்னைச் சுமந்திருந்தாள்.

"குந்துங்க சாமி" என்றாள், வெகு இயல்பாக.

அடிகள் தயங்கவில்லை. குதிரைமேல் அமர்வதுபோல் வரப்பின்மேல் அமர்ந்து, கால்களை இருபுறமும் தொங்கவிட்டு, தலையைக் கவிழ்த்துக்கொண்டார். செவ்வந்தியப்பர் பதறினார். படுத்திருக்கும் பிள்ளையைக்கூடத் தாண்டலாகாது என்று வளர்ந்தவர் அவர். நாங்கள் கடந்தபின் வரலாமே, சற்றுத் திரும்பிப் போ அம்மா என்று பொம்மியிடம் கேட்டுக்கொண்டார்.

"இந்த டின்னோட திரும்பினா டின்னு ஒரு பள்ளத்துல, நான் ஒரு பள்ளத்துல" என்றாள் பொம்மி. "வரப்புல சுமை நடக்கும், சும்மா வர்றவங்க குந்துவாங்க. எப்பவும் அப்படித்தான்."

"அவர் என் குருநாதர். அவரைத் தாண்டுவதா?"

"அவரு குந்திட்டாரு. நீங்கதான் பெரியவரே, அறுப்பு முடிஞ்ச காட்டுல பொம்மை நிக்கிறாப்ல நிக்கிறீங்க."

கவிழ்ந்த தலைக்கு அடியிலிருந்து அடிகள் சிரிப்பது கேட்டது. செவ்வந்தியப்பர் குனிந்து பார்த்தார். குருவின் தலை தம் முழங்காலுக்குக் கீழே இருந்தது. மூன்றாண்டுப் பழக்கம் அவரைக் கேளாமலேயே அவர் முழங்கால்களை மடக்கிற்று. அச்சம் அதனை அறியும் முன்னரே, அவர் கால்கள் இரு பாதாளங்களிலும் தொங்கிக்கொண்டிருந்தன.

பொம்மி அடிகளின் தலைமேல் கை ஊன்றித் தாண்டினாள். அடுத்து அவள் உள்ளங்கை செவ்வந்தியப்பரின் நரைத்த தலையில் அழுந்திற்று. புகையும் தேனும் கலந்த வாடை வீசிற்று. அவள் பாதம் அவருடைய காதை உரசிச் சென்றது. டின்னிலிருந்து ஒரு துளி அவர் பிடரியில் விழுந்தது.

"வர்றேன் சாமி" என்று சொல்லிப் போய்விட்டாள்.

செவ்வந்தியப்பர் தலையை நிமிர்த்தினார். எண்ணுவதற்குக் காலடிகள் இல்லை. பார்ப்பதற்குக் குதிகால் இல்லை. இடப்புறம், அவருடைய பாதங்களுக்குக் கீழே ஒரு பருந்து வட்டமிட்டது. பருந்தின் முதுகை அவர் வாழ்நாளில் கண்டதில்லை. அது செம்மண் நிறமாயிருந்தது. அதற்கும் கீழே காடு, காட்டுக்கும் கீழே வெயிலில் ஒரு நூலைப்போல ஆறு. வலப்புறம் சமவெளி, கண் போகுமட்டும். அவர் சங்கிலி பிடித்து எல்லைக்கல் நட்ட ஊர்கள் அங்கேதான் கிடந்தன. எது எந்த ஊரென்று அவரால் பிரித்தறிய இயலவில்லை. மலை முழுவதும் தமக்குக் கீழே மெல்ல மூச்சுவிடுவதாக அவருக்குத் தோன்றிற்று. மூச்சு தம்முடையதா மலையினுடையதா என்று ஆராயவும் மறந்தார். எவ்வளவு நேரம் அப்படியிருந்தார் என்பதும் அவருக்குத் தெரியாது. அடிகள் அவரை எழுப்பவில்லை.

பின்னர் இருவரும் எழுந்து, எஞ்சிய வரப்பைக் கடந்து உச்சியை அடைந்தார்கள்.

அவர்களோடு மேகமும் வந்து சேர்ந்தது. எங்கும் ஒரே வெண்மை. தம் கண்தான் கெட்டுவிட்டதோ என்று அஞ்சிச் செவ்வந்தியப்பர் மேல்துண்டால் இருமுறை துடைத்துக்கொண்டார். மேகம்தான் என்றார் அடிகள். உச்சிப்பொழுது சாயும்வரை காத்திருந்தார்கள். வெண்மை விலகவில்லை. இனியும் தாமதித்தால் இருட்டுவதற்குள் வரப்பைக் கடக்க முடியாது.

பொம்மி கை ஊன்றியபோது அடிகளின் தலைமுடியில் ஒட்டிய தேனை ஒரு சிற்றெறும்பு கண்டுபிடித்திருந்தது. அவர் அதனை விரலில் ஏந்திப் பாறையில் இறக்கிவிட்டார்.

செவ்வந்தியப்பர் அவர் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"சுவாமி, இனி நான் வரப்போவதில்லை. இதையாவது சொல்லுங்கள். மேகம் இல்லாதிருந்தால், இங்கிருந்து என்ன தெரிந்திருக்கும்?"

அடிகள் வெண்மைக்குள் ஒரு திசையைக் காட்டினார்.

"வரப்பு தெரியும், ஐயா. அதன் நடுவே, நீங்கள் உட்கார்ந்திருந்த இடம் தெரியும்."