மருதமரப் பொந்தும் மண்சுவரும்

கோரைக்குளத்தின் கரையில் ஒரு மருதமரம் நின்றது. அதன் அடிமரத்தில் பெரிய பொந்து ஒன்று இருந்தது. குளத்தில் நீர் அருந்தும் ஒவ்வோர் உயிரும் ஒரு வாய் விதையை அப்பொந்தில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்பது அவ்விடத்து வழக்கம். அதற்கு நீர்வரி என்று பெயர்.

அவ்விதைதான் கரையைக் காக்கும் நீர்க்கோழிகளுக்குக் கூலி. நண்டுகள் துளைத்த வளைகளை அவை களிமண்ணால் அடைத்துவந்தன. மரத்தடிப் பள்ளியில் பயிலும் குஞ்சுகளுக்கும் குட்டிகளுக்கும் பகலுணவு அதே பொந்திலிருந்துதான் போயிற்று. எது யாருக்கு என்று எவரும் பிரித்து வைத்ததில்லை.

குளத்துக்கு நீலாங்கன் என்ற நீர்நாய் தலைமை வகித்தது. முந்தைய மழையில் கரை உடைந்தபோது அதன் இரண்டு குட்டிகள் வெள்ளத்தோடு போய்விட்டன. அன்று முதல் நீலாங்கன் காலையில் எழுந்ததும் முதலில் பார்ப்பது கரையை. அடுத்துப் பார்ப்பது பொந்தை.

ஒருநாள் காட்டுச் சபையிலிருந்து மரங்கொத்தி ஒன்று வந்து இறங்கியது.

"தலைவரே, சபை ஒரு புதிய ஏற்பாடு செய்திருக்கிறது. இனிக் காட்டிலுள்ள எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே களஞ்சியம்! பள்ளிக்கு ஒதுக்கிய விதையை எல்லா ஊரும் மலையடிக் குகைக்கு அனுப்ப வேண்டும். பிள்ளைகளின் எண்ணிக்கைக்குத் தக்கபடி அங்கிருந்து பகிர்ந்து கொடுப்பார்கள். மேட்டுப்புறத்து முயல்குட்டிகள் வெறும் வயிற்றோடு பாடம் கேட்கின்றன."

"கரைக்கு உள்ள விதை?"

"அதைச் சபை தொடாது. சொல்லுங்கள், இந்தப் பொந்தில் பள்ளிக்கு உரியது எவ்வளவு?"

நீலாங்கன் பொந்தை நோக்கியது. இன்று பள்ளிப் பங்கு என்று கை நீட்டுகிறவர்கள் நாளை எங்கே நிறுத்துவார்கள்? மழை வரும்போது மலையா வந்து கரையை அடைக்கப்போகிறது?

"பள்ளியா?" என்றது அது, வியப்பது போல. "இங்கே பள்ளியே இல்லையே! பொந்திலுள்ளது அத்தனையும் கரைக்கு உரியது!"

"அப்படியானால் மரத்தடியில் நாரையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் யார்?"

"அவர்களா? கரை வேலைக்கு வந்தவர்கள். இளைப்பாறுகிறார்கள்!"

மரங்கொத்தி தலையைச் சாய்த்துப் பார்த்தது. "நல்ல இளைப்பாறல்தான்! எல்லோரும் ஒரே குரலில் இளைப்பாறுகிறார்களே!" என்று சொல்லிவிட்டுப் பறந்தது.

சொன்ன பொய்க்கு உருவம் கொடுக்க வேண்டியதாயிற்று. மறுநாளே பள்ளி மரத்தடியிலிருந்து கரையின் மேலேறியது. நாரையாசிரியர் பாடம் சொல்ல, வாத்துக்குஞ்சுகள் அலகில் மண்ணோடு நின்றன. மரங்கொத்தியின் சிறகோசை கேட்டால் எல்லாரும் மும்முரமாக மண் சுமக்க வேண்டும். மண்ணுக்கு எங்கே போவார்கள்? நின்ற இடத்திலேயே பறித்தார்கள். அணில்குட்டிகள் கரையைக் கிளறுவதில் மற்ற எல்லாரையும் மிஞ்சின.

கரைக்காவலில் மூத்த மேழி என்னும் ஆமை ஊர்ந்து வந்தது.

"தலைவரே, நண்டு ஒரு பருவம் முழுக்கத் துளைப்பதை இந்த மாணாக்கர்கள் ஒரு பாட நேரத்தில் துளைத்துவிடுகிறார்கள்!"

"கொஞ்ச நாள் பொறுங்கள், ஆமையாரே. பொந்து நிறைந்திருக்கிறது அல்லவா?"

"பொந்து நிறைந்திருக்கிறது. கரைதான் குறைகிறது!"

கோரைக்குளத்தின் பங்கு வராமையால் மலையடிக் குகையில் விதை போதவில்லை. மேட்டுப்புறப் பள்ளி மூடப்பட்டது. பகலுணவு இழந்த முயல்குட்டிகள் பச்சை தேடிக் கீழே இறங்கின. அவ்வேனிலில் பச்சையாக இருந்தது கோரைக்குளத்துக் கரை ஒன்றுதான். மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்த அறுகம்புல்லை அவை வேரோடு தின்றன.

நீலாங்கன் பாய்ந்து சென்று விரட்டியது. "யாரைக் கேட்டு இந்தப் புல்லில் வாய் வைத்தீர்கள்?"

குட்டிகளின் பின்னே நின்ற தாய்முயல் நடுங்கியபடியே விடை சொன்னது: "ஐயா, பள்ளியில் ஒரு வாய் கிடைத்தவரை இவர்கள் இந்தப் பக்கம் வந்ததுண்டா?"



பிறகு மழை தொடங்கியது. குளம் நிறைந்தது. கரையின் வெளிப்புறச் சரிவில் முதலில் ஈரம் தெரிந்தது. பின் நீர் நூலாக ஒழுகியது. உச்சிப்பொழுதுக்குள் அது வாய்க்காலாயிற்று. நீர்க்கோழிகள் வைத்த களிமண்ணை நீர் அடித்துச் சென்றது. கரைக்குக் கீழே புதர் முழுக்கக் கூடுகள். கூடு முழுக்கக் குஞ்சுகள்.

நீலாங்கன் மலையடிக்கு ஓடியது. சபைத்தலைவியான மதங்கி என்னும் பெண்யானை தன் கூட்டத்தோடு புறப்பட்டுக்கொண்டிருந்தது. அதன் முதுகில் மரங்கொத்தி உட்கார்ந்திருந்தது.

"தாயே, யானைகளை அனுப்புங்கள்! கரை போகிறது!"

மதங்கி நிதானமாகச் சொன்னது: "நாங்கள் ஈச்சங்குட்டைக்குப் போகிறோம். அங்கேயும் கரை கசிகிறது. அதை அடைப்பவருக்குக் கொடுக்க ஒரு பிடி விதைகூட இல்லை. உங்களுக்கோ பொந்து நிறையக் கரைவிதை இருக்கிறதாமே!"

"பள்ளியே இல்லாத ஊர் அல்லவா! எல்லாம் கரைக்குத்தானே!" என்று மரங்கொத்தி இடித்துரைத்தது.

நீலாங்கன் மழையில் நின்றது. அன்று சொன்ன சொல்லைக் காப்பாற்றினால் கரை போகும். கரையைக் காப்பாற்ற வேண்டுமானால் அந்தச் சொல் போக வேண்டும்.

"நான் சொன்னது பொய்!" என்றது அது, எல்லா யானைகளும் கேட்க. "பொந்தில் பாதி பள்ளிக்கு உரியது. கரைப் பங்கையும் கேட்பீர்களோ என்று அஞ்சி முழுவதையும் மறைத்தேன். மறைப்பதற்காகக் கரையை நாங்களே பறித்தோம். என் குட்டிகளைக் கொண்டுபோன வெள்ளம் இன்று ஊரார் குட்டிகளைக் கேட்கிறது, தாயே!"

மதங்கி கூட்டத்தில் பாதியை ஈச்சங்குட்டைக்கு அனுப்பிவிட்டு, மீதியோடு கோரைக்குளத்தை நோக்கித் திரும்பியது.

யானைகள் கல்லை உருட்டி உடைப்பின் வாயை அடைத்தன. நீர்க்கோழிகள் களிமண் அப்பின. மேட்டிலிருந்து முயல்களும் வந்து மண்ணை மிதித்து இறுக்கின. கூடுகள் தப்பின. ஆனால் குளத்து நீரில் பாதி வெளியேறிவிட்டது; அவ்வாண்டு முழுவதும் கோரைக்குளத்தார் அளந்துதான் குடித்தார்கள்.

மழை விட்டதும் நீலாங்கன் பொந்தின் நடுவே களிமண்ணால் ஒரு சுவர் எழுப்பியது.

"இந்தப் பக்கம் கரைக்கு, இது முதலில் நிறைய வேண்டும். அந்தப் பக்கம் பள்ளிக்கு. அது மலையடிக்கு வரும், எங்கள் பிள்ளைகளின் பங்கு அங்கிருந்து திரும்பும். ஆனால் தாயே, சபையின் துதிக்கை இந்தச் சுவரைத் தாண்டாது என்று எல்லாரும் அறியச் சொல்லுங்கள்!"

"கேட்பதைக் கூச்சமில்லாமல் கேட்கிறாய்!" என்று சிரித்தது மதங்கி. "இதை அன்றே கேட்டிருக்கலாமே!"

பின் அது முன்காலைத் தூக்கி, ஈரம் காயாத அச்சுவரின் மேல் விளிம்பில் மெல்லப் பதித்தது. அடித்தடம் வெயிலில் காய்ந்து கெட்டியாயிற்று. அதன் பிறகு எந்தத் துதிக்கையும் அச்சுவரைத் தாண்டவில்லை. கோரைக்குளமும் தன் பள்ளியை மறைக்கவில்லை.

மேட்டுப்புறத்தில் இக்கதையைச் சொல்வோர் பசித்த முயலில் தொடங்குவர். குளத்துப் பக்கத்தார் நீர்நாயில் தொடங்குவர். இருசாராரும் யானையின் அடித்தடத்தில்தான் வந்து முடிப்பர்.

தன் ஊரின் பொருளைக் காக்க நினைப்பவர், அது எதற்கு உரியது என்று வெளிப்படையாகப் பிரித்துக் காட்டியே காக்க வேண்டும். மறைத்துக் காக்க முயன்றால் காக்க வேண்டியதையே இழக்க நேரும்.