காலித் தட்டு

தில்லைக்கரசியிடம் தொழில் கற்க வந்த சூசைமாணிக்கம் அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். முன்பு கப்பலில் என்ஜின் அறைக்காரர். இப்போது கிளவுட் சர்வர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அன்று காலை வந்ததும் கேட்டார்.

“மேடம், புதுசு படிக்கப் படிக்க, கப்பல்ல கத்துக்கிட்டதெல்லாம் அழிஞ்சுபோன மாதிரி இருக்கு. அப்படித்தானா?”

“முதல்ல அந்தப் புது எஸ்எஸ்டி டிஸ்க்கை ரெடி பண்ணுங்க அண்ணாச்சி.”

அவர் புது டிஸ்க்கை ஃபார்மட் செய்தார். தனி ஃபோல்டர் உருவாக்க மறந்து, ஏற்கெனவே இருந்த ‘கடல்’ ஃபோல்டரின் மேலேயே அதை இணைத்து மவுன்ட் செய்தார். ஆய்வாளர் ரோஷன் பீவி பல வருடங்களாகப் பதிவுசெய்த திமிங்கலக் குரல்கள் அதில்தான் இருந்தன. வேறெங்கும் நகல் கிடையாது. மதியம் ரோஷன் பீவி அவற்றைக் கேட்க வருவதாக இருந்தார்.

ஃபோல்டரைத் திறந்தால் ஒன்றுமில்லை. சூசைமாணிக்கம், தில்லைக்கரசி இருந்த சாப்பாட்டு அறைக்கு ஓடினார்.

“மேடம், போச்சு! அந்தப் பொண்ணு உழைப்பையெல்லாம் அழிச்சிட்டேன்!”

“எந்த டிஸ்க்கை ஃபார்மட் பண்ணீங்க?”

“புதுசைத்தான். நல்லா பார்த்துத்தான் பண்ணேன்.”

“எங்க மவுன்ட் பண்ணீங்க?”

“‘கடல்’லயே.”

தில்லைக்கரசி சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஒரு தட்டில் சோறும் குழம்பும் போட்டு அவர் முன்னால் வைத்தாள்.

“எனக்கு எறங்காது மேடம்.”

அவள் ஒரு காலித் தட்டை எடுத்து அதன்மேல் வைத்தாள்.

“சோறு எங்க அண்ணாச்சி?”

“அடியிலதான் இருக்கு. மேல இருக்கிறதை எடுத்தா…”

சொல்லி முடிக்கவில்லை. எழுந்து ஓடினார்.

புது டிஸ்க்கைக் கழற்ற ஒரே ஒரு கட்டளை போதுமாக இருந்தது. ‘கடல்’ மறுபடி திறந்தது. குரல்கள் அத்தனையும் அப்படியே இருந்தன. சூசைமாணிக்கம் ஒரு குதி குதித்தார். அந்த உடம்புக்கு அது கொஞ்சம் அதிகம்தான்.

சந்தேகம் தீர ஒன்றை ஓடவிட்டார். பின்னாலேயே வந்த தில்லைக்கரசியும் உட்கார்ந்தாள். அறை முழுக்கத் திமிங்கலம் பாடியது. இருவருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

திடீரென்று அவர் கையை உயர்த்தினார்.

“மேடம், பின்னாடி ஒரு சத்தம் வருது பாருங்க. அது திமிங்கலம் இல்ல, தூரத்துல போற கப்பலோட ப்ரொப்பல்லர். ஒரு இறக்கை லேசா வளைஞ்சிருக்கு. அதான் விட்டுவிட்டு அடிக்குது.”

தில்லைக்கரசி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். அவளுக்குப் பாட்டு மட்டும்தான் கேட்டது.

“காலைல என்னமோ அழிஞ்சுபோச்சுன்னீங்களே அண்ணாச்சி,” என்றாள். “என்னது அது?”