எல்லா எண்ணுக்கும் மேலே ஒன்று

ரொம்பக் காலத்துக்கு முன்னே நெடுங்கரை நாட்டைக் கொடிவளவன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் ஒரு ஆசை, மத்தியானம் ஒரு ஆசை. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டவன் பாடு திண்டாட்டம்.

அவர் சபையில் காத்தாயி என்று ஒரு மந்திரி. ஒரு காலத்தில் சந்தையில் கத்தரிக்காய் விற்றவள். கோபம் மூக்கு நுனியில் நிற்கும். அரண்மனைக்கு வந்த குதிரை வியாபாரிகளை ராஜா கண்முன்னே மடக்கிப் பாதி விலைக்கு இறக்கிவிட்டாள். அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்குக் கிடைத்ததுதான் மந்திரிப் பதவி. பெரிய பண்டிதர் சடாட்சர வித்துவானுக்கு அது அடியோடு பிடிக்கவில்லை. அவள் சபைக்குள் வந்தாலே மூக்கைப் பொத்திக்கொண்டு, "கத்தரிக்காய் வாடை!" என்பார்.

ஒருநாள் ராஜாவுக்குப் புது ஆசை.

"வித்துவானே, கோடிக்கு மேலே என்ன?"

"சங்கம், மகாராஜா. அதற்கும் மேலே பதுமம்."

"சங்குக்கும் தாமரைக்கும் எண் இருக்கிறது, எனக்கு இல்லையா? இருப்பதிலேயே பெரிய எண்ணைக் கண்டுபிடியுங்கள். அதற்கு என் பேர் வைக்க வேண்டும். கண்டுபிடித்தவருக்குக் கேட்ட பரிசு!"

வித்துவான் முந்திக்கொண்டார். "அயிரை ஏரி போதும் மகாராஜா. கரும்புத் தோட்டம் போட அடியேனுக்கு ஆசை."

காத்தாயிக்குப் பகீரென்றது. அந்த ஏரித் தண்ணீரை நம்பித்தான் கீழ்ப்பக்கத்து ஊர்கள் எல்லாம் பயிர் வைக்கின்றன. இந்த மனுஷன் மடையை அடைத்தால் அத்தனை பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"நானும் போட்டிக்கு வருகிறேன், ராஜா. நான் ஜெயித்தால் ஏரி அந்த ஊர்களுக்கு."

மறுநாள் சபை கூடியது. வித்துவான் சால்வையைச் சரிசெய்தபடி, "அம்மணி முதலில் சொல்லட்டும். நான் பிறகு சொல்கிறேன்" என்றார். ராஜாவும் தலையாட்டிவிட்டார்.

விலையை முதலில் சொல்கிறவர்தான் மாட்டிக்கொள்வார் என்று காத்தாயிக்குத் தெரியாதா? பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள்.

"என் எண்ணுக்குப் பேர் கொசுறு."

சபை கொல்லென்று சிரித்தது. "கறிவேப்பிலையா?" என்றார் வித்துவான்.

"ஆமாங்க ஐயா. சந்தையில் எவ்வளவு வாங்கினாலும், அளந்து முடித்த பிறகு மேலே ஒன்று போடுவோமே, அதேதான். நீங்கள் எந்த எண்ணைச் சொன்னாலும் அதோடு ஒன்று. அதுதான் என் எண். இப்போது சொல்லுங்கள்."

வித்துவான் கனைத்தார். "கோடியைக் கோடி தடவை பெருக்கினால் கொட்டாவிக்கோடி! எண்ண ஆரம்பித்தவன் கொட்டாவி விட்டே செத்துப்போவான்."

"மேலே ஒண்ணு போடுங்க."

"அதற்கும் பெரியது யானைத்திணறல்!"

"யானையை ஓரமாகக் கட்டிவிட்டு, மேலே ஒண்ணு."

"எல்லாவற்றுக்கும் பெரியது பிரம்மன்தலைசுற்றல்! நாலு தலையும் சுற்றும்!"

"ஐயோ பாவம், சுக்குக் கஷாயம் கொடுங்க. கொடுத்துவிட்டு மேலே ஒண்ணு."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வித்துவானுக்கு வேர்த்துக் கொட்டியது. "அப்படியானால் என் எண் கொசுறுக்குக் கொசுறு!" என்று கத்தினார்.

காத்தாயி வாசலில் நின்ற சமையல்காரரைப் பார்த்தாள். "அண்ணே, கொசுறுக்குக் கொசுறு கேட்டால் சந்தையில் என்ன நடக்கும்?"

"வாங்கின காயையும் பிடுங்கிக்கொண்டு விரட்டிவிடுவார்கள், தாயி!"

"நியாயம்தான். கொசுறு ஒரு தடவைதான்" என்றார் ராஜா. அதைச் சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. "அப்படியென்றால் என் பேரைக் கறிவேப்பிலைக்கு வைப்பதா? முடியாது! போட்டியும் இல்லை, ஏரியும் இல்லை!"

வித்துவான் முகத்தில் பல் தெரிந்தது.

காத்தாயிக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. கத்தியிருப்பாள். ஆனால் கத்தினால் பேரம் கெட்டுப்போகும்.

"கட்டாயம் இல்லை, ராஜா. எல்லா எண்ணுக்கும் மேலே உட்காரப் பக்கத்து நாட்டு ராஜாவுக்கு ஆசை இருக்கும். அவரைக் கேட்டுப் பார்க்கிறேன்."

கும்பிட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள். வேகமாக நடக்கிறவரைக் கடைக்காரர் கூப்பிடமாட்டார்; திரும்பிப் பார்க்கிறவருக்கு விலை குறைக்கமாட்டார். அதனால் மெதுவாக, நேரே பார்த்து நடந்தாள். கூப்பிடாவிட்டால் அந்த ஊர்களின் கதி?

"காத்தாயி, நில்!"

நிற்கவில்லை.

"பாதி ஏரி!"

வாசற்படியில் கால் வைத்தாள்.

"முக்கால்!"

முந்தானையை உதறிச் செருகினாள்.

"முழு ஏரியையும் எடுத்துத் தொலை! எண்ணுக்கு மேலே இருக்கிற இடத்தை மட்டும் பக்கத்து நாட்டு ஆளுக்குக் கொடுத்துவிடாதே!"

இப்போது திரும்பினாள். "ஏரி மீனும் ஊருக்குத்தானே, ராஜா?"

"மீனும்தான், ராட்சசி!"

"கோபப்படாதீங்க. எண்ணிக் கொடுப்பதை எந்த வியாபாரியும் செய்வான். எண்ணி முடித்த பிறகும் மேலே ஒன்று கொடுக்கிறவர்தான் பெரிய மனுஷர். அந்த இடத்துக்கு உங்கள் பேரைத் தவிர வேறு யார் பேர் பொருந்தும்?"

ராஜா மீசையைத் தடவினார். கோபம் இறங்கிச் சிரிப்பு ஏறியது. வித்துவான் பக்கம் திரும்பினார். "இனி அரண்மனைக்குக் காய் வாங்குவது உம் வேலை. கொசுறை என் பேர் சொல்லித்தான் கேட்க வேண்டும்."

அடுத்த சந்தையில் வித்துவான் ஒரு கத்தரிக்காய்க் குவியல் முன்னால் நெளிந்துகொண்டு நின்றார்.

"ஒரு கொடிவளவன் போடும்மா" என்று முணுமுணுத்தார்.

"சத்தமாக் கேளுங்க சாமி, ராஜா பேராச்சே!"

"கொடிவளவன் போடம்மா!"

சந்தையே சிரித்தது. கடைக்காரி கீழ்ப்பக்கத்து ஊர்க்காரி. கை நிறையப் பிஞ்சுக் கத்தரிக்காயை அள்ளி அவர் பையில் போட்டாள்.

"அயிரை ஏரித் தண்ணியில வெளைஞ்சது. பொரிச்சுத் தின்னு பாருங்க சாமி, நல்லா இருக்கும்."