காலி நாற்காலி

அந்த விளம்பரக் கம்பெனியில் காபி இலவசம், இஷ்டப்படி உடுத்திக்கொண்டு வரலாம், மேஜைமேல் பூனைகூடத் தூங்கும். வீட்டுக்குப் போவதுதான் பெரும்பாடு.

முதலாளி கிரிதரனுக்கு எந்தப் படமும் லேசில் பிடிக்காது. அன்று சாயங்காலம் சாம்பார்பொடி விளம்பரம். "குடும்பமே கூடிச் சாப்பிடணும். சிரிப்பு நிஜமா இருக்கணும், நடிகர்கள் கூடாது. படம் வர்ற வரைக்கும் யாரும் கிளம்பக் கூடாது!" என்று கத்தினார்.

டிசைனர் செண்பகவல்லி வீட்டுக்குப் போன் போட்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் கணவன் ஒரு செல்ஃபி அனுப்பினான். சாப்பாட்டு மேஜையில் அவனும் மாமியாரும் பிள்ளைகளும் வாய் நிறையச் சோற்றோடு சிரித்தார்கள்.

"பிரமாதம்! ஒரே ஒரு சின்னத் திருத்தம்," என்றார் கிரிதரன். "அந்த நாற்காலி ஏன் காலியா இருக்கு? அங்கே பிள்ளைங்களோட அம்மாவை உட்கார வைம்மா."

"வெச்சிடலாம் சார். அதுக்கு நான் இப்பவே கிளம்பணும்."

கிரிதரன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாரும் கிளம்புங்க," என்றார் மெதுவாக. பிறகு தன் வீட்டுக்குப் போன் செய்து, சாப்பிட வருவதாகச் சொன்னார்.

"நிஜமாவாப்பா?" என்றாள் மகள். "இருங்க, உங்க நாற்காலியில குவிஞ்சிருக்கிற துணியை எடுத்து வைக்கிறேன்."