மதர் சலேத் விட்டுப்போனது

சிப்பித்துறைக் கடற்கரையில் தொழுநோயாளிகளுக்காக ஓர் ஓலைவீட்டைக் கட்டி, முப்பது வருஷம் அவர்களோடு இருந்தவர் மதர் சலேத். பிறந்தது சொந்தமாக ஆறு தோணிகள் ஓடிய வசதியான வீட்டில். மாற்றுச் சேலை ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அங்கிருந்து வந்தவர். தம்மோடு சேர்ந்த சகோதரிகளுக்கு அவர் வைத்தது ஒரே விதி. எதையும் சேர்த்து வைக்கக் கூடாது.

அறுபத்தெட்டாம் வயதில், ஐப்பசி மழையின்போது, காய்ச்சலில் விழுந்தார். டாக்டர் பார்த்துவிட்டு சிஸ்டர் எமரன்சியாவை வாசலுக்கு அழைத்தார்.

"ரெண்டு நாள். மிஞ்சினா மூணு."

எமரன்சியாவுக்கு ஐம்பது வயது. பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு வந்து பன்னிரண்டு வருஷமாக மதரோடு இருப்பவள். மதருக்குப் பிறகு வீட்டை அவள்தான் பார்க்க வேண்டும் என்று முடிவாகியிருந்தது. அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பங்குச் சாமியார் குடையோடு வந்தார். மதருக்கு நற்கருணை கொடுத்துவிட்டு எமரன்சியாவிடம் தணிந்த குரலில் சொன்னார்.

"ஊரே அவங்களைப் புனிதைன்னு சொல்லுது சிஸ்டர். ஒருநாள் புனிதர் பட்டத்துக்காக மேலிடத்துல இருந்து விசாரிக்க வருவாங்க. அவங்க வச்சிருந்ததையெல்லாம் பத்திரப்படுத்துங்க. ஒண்ணும் தொலையக் கூடாது."

எமரன்சியா அறையைச் சுற்றிப் பார்த்தாள். ஒரு கம்பளி. ஒரு செபமாலை. விளிம்பு நசுங்கிய ஓர் அலுமினியத் தட்டு. முப்பது வருஷத்துக்கு அவ்வளவுதான்.

அன்று மாலையே கம்பளி போய்விட்டது. காய்ச்சல்கண்ட பிள்ளையை மருந்துக்காகத் தூக்கி வந்த ஒருத்தி நனைந்து நின்றாள். மதர் தம்மேல் கிடந்ததை உருவிக் கொடுத்துவிட்டார். எமரன்சியா தன் போர்வையை எடுத்துக்கொண்டு, மாற்றி வாங்கிவிடலாம் என்று மழையில் ஓடினாள். அந்தப் பெண் ஏறிய பஸ் கிளம்பிப் போயிருந்தது.

"மதர், அது உங்க கம்பளி!"

"குளிர் அந்தப் பிள்ளைக்குல்லா."

மறுநாள் செபமாலை. குணமாகி வீட்டுக்குப் புறப்பட்ட மிக்கேல் சொல்லிக்கொள்ள வந்தான். விரலில்லாத கையால் பிடிக்க முடியாது என்று மதர் அதை அவன் மணிக்கட்டில் சுற்றிவிட்டார். எமரன்சியா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டு வாங்க வாய் வரவில்லை.

மிஞ்சியது தட்டு.

மதர் கண்ணயர்ந்த நேரத்தில் அதை எடுத்துத் துணியில் சுற்றினாள். கோயில் அறைக்குப் போய்ப் பீடத்துக்குப் பின்னால் செருகினாள். யாரும் பார்க்கவில்லை என்று இரண்டுமுறை உறுதிப்படுத்திக்கொண்டாள்.

மூன்றாம் நாள் உச்சிவேளையில் ஒரு மாட்டுவண்டி வந்தது. ஒரு பெரியவரை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, வந்தவர்கள் முகத்தைக் காட்டாமல் திரும்பிவிட்டார்கள். பெயர் சந்தியாகு என்றார். கையில் ஒரு பைகூட இல்லை.

"அவருக்குக் கஞ்சி குடு" என்றார் மதர்.

"தட்டு இல்லையே மதர்." வீட்டில் மிச்சத் தட்டு இல்லை என்பது உண்மைதான். எமரன்சியாவின் தட்டே போன மாதம் ஒரு நோயாளிக்குப் போயிருந்தது. அவள் தேங்காய்ச் சிரட்டையில்தான் குடித்துவந்தாள்.

"என் தட்டு இருக்கே. எனக்கு இனி எதுக்கு?"

"அதைக் காணோம் மதர்."

சொன்ன பிறகுதான், அந்த வீட்டுக்கு வந்து அவள் சொன்ன முதல் பொய் அது என்று உறைத்தது. மதர் அவளையே பார்த்தார். பிறகு, "சரி, அவர் பசியாற வழியைப் பாரு" என்றார்.

அவள் தன் சிரட்டையில் கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள். சந்தியாகு இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே அதை இடுக்கிப் பிடித்தார். வாய்க்குக் கொண்டுபோகும்முன் அது புரண்டது. கொதிக்கும் கஞ்சி அவர் மடியில் கொட்டியது.

பெரியவர் துள்ளவில்லை. மரத்துப்போன உடம்பு. சிந்திய பருக்கைகளைப் பதறிப் பதறி ஒதுக்கினார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. என் கைதான் சரியில்ல. என்னை அனுப்பிராதீங்க."

எமரன்சியா கோயில் அறைக்கு ஓடினாள். துணியை அவிழ்த்தாள். தட்டைக் கொண்டுவந்து கஞ்சியை ஊற்றி அவர்முன் தரையில் வைத்தாள். அவர் குனிந்து குடித்து முடிக்கும்வரை தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் மடியைத் துடைத்து, வெந்த இடத்துக்கு மருந்து போட்டாள்.

மதரிடம் வந்து நின்றாள்.

"பொய் சொல்லிட்டேன் மதர்."

"தெரியும்."

"எப்படி?"

"இந்த வீட்டுல ஒரு கரண்டி காணாமப் போனாலே நீ வீட்டையே ரெண்டாக்கிருவ. இன்னைக்குச் சத்தத்தையே காணோம்."

எமரன்சியா பாயோரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அடக்கி வைத்ததெல்லாம் வந்தது.

"எனக்குப் பயமா இருக்கு மதர். நீங்க போன பிறகு சனங்க வருவாங்க. மதர் சலேத் வச்சிருந்தது எது, காட்டுங்கன்னு கேப்பாங்க. ஒரு துரும்புகூட இல்லையே. இப்படி ஒருத்தர் இருந்தாங்கன்னே நம்பமாட்டாங்க. நான் அவங்ககிட்ட என்ன சொல்லட்டும்?"

மதர் கண்ணை மூடினார். எமரன்சியா பதறிப்போய் அவர் மூக்கருகே கையை வைத்துப் பார்த்தாள். மூச்சு இருந்தது.

"சாப்பிட்டீங்களான்னு கேளு."

"மதர்?"

"தூரத்துல இருந்து வருவாங்கல்லா. சாப்பிட்டீங்களான்னு கேளு."

ஓலைமேல் மழை வலுத்தது. காலையில் அரிசிப் பானையை வழித்துப் போட்டது எமரன்சியாவுக்கு நினைவு வந்தது.

"சாப்பிடலைன்னு சொன்னா? அன்னைக்கு நம்மகிட்டயும் ஒண்ணும் இல்லாமப் போனா?"

மதர் சலேத் அவள் பக்கமாக முகத்தைத் திருப்பினார்.

"நானும் இன்னும் சாப்பிடலைன்னு சொல்லு. சொல்லிட்டு, அவங்க பக்கத்துல உக்காரு."