நீல டிரம்மில் ஒரு சொம்புத் தண்ணீர்

ஏரிக்கரையில் புதைந்து கிடந்த நச்சு டிரம்களை யார் அகற்றுவது என்பதே வழக்கு. உள்ளே என்ன சரக்கு என்று அதிகாரிகளுக்கே தெரியவில்லை.

"அந்த டிரம்மை நாங்கள் பார்த்ததேயில்லை. பழைய இரும்புக்கடை செங்கமலம்தான் புதைத்தாள், அவளே அள்ளட்டும்" என்றார் ரசாயன ஆலை மேலாளர் சடகோபன். தோற்றால் அவளுடைய கடையே ஏலத்துக்குப் போய்விடும்.

செங்கமலம் அதே மாதிரி நீல டிரம் ஒன்றை நீதிமன்றத்துக்குள் உருட்டி வந்தாள். "அள்ளிடறேனுங்க. முதல்ல ஒண்ணைக் கழுவிப் பார்க்கறேன்" என்று மூடியைத் திறந்து, கையிலிருந்த தண்ணீர்ச் சொம்பைச் சாய்த்தாள்.

"அடியே, தண்ணி படக்கூடாது! பத்திக்கும்!" என்று அலறி மேஜைக்கடியில் புகுந்தார் சடகோபன்.

நீதிபதி பேனாவைத் திறந்தார்.

செங்கமலம் குனிந்து பார்த்தாள். "எந்திரிங்க ஐயா, இது எங்க வீட்டு உப்பு டிரம். உங்க சரக்கு ஏரிக்கரையில அப்படியே இருக்கு. போய் அள்ளுங்க."