முயல் அறுத்த நாணல்

கற்பூரம் அணைத்துச் சத்தியம்! இந்தக் கதையில் ஓர் எழுத்துக்கூடப் பொய் கிடையாது, பிள்ளைகளே.

ஒரு காட்டில் மூடுபனி அவ்வளவு கெட்டியாக இருக்கும், குருவிகள் அதிலேயே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். அந்தப் பனிக்குள் ஓர் ஓடை தூக்கத்தில் நடப்பதுபோல் நடந்துபோகும். ஓடைக்கரையில் தும்பை என்னும் முயல் கீரைத்தோட்டம் போட்டிருந்தாள். மகா சுத்தக்காரி. பனித்துளியைக்கூடத் துடைத்துவிட்டுத்தான் இலையைக் கிள்ளுவாள்.

கீரையைப் பறித்த இடத்திலேயே நின்று பச்சையாகத் தின்பதுதான் அந்தக் காட்டு வழக்கம். ஒருநாள் அப்படித் தின்ற மான்குட்டிக்கு வயிற்றுப்போக்கு கண்டது. மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. நாட்டாமைக் கரடி வந்து, இன்னொரு வயிறு கெட்டால் தோட்டத்தை மூடிவிட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். தும்பைக்கோ அதை விட்டால் வேறு உலகமே இல்லை.

யோசனை சொல்ல வந்தது, எல்லாம் தெரிந்ததுபோல் பேசும் குரங்கு. ஓடையோர நாணலுக்குள் தவளையும் எலியும் குடியிருக்கின்றன, பாத்திமேல் சாய்ந்த நாவல் மரத்தில் குருவிகள் எச்சமிடுகின்றன, அத்தனையையும் வழித்தெடுத்தால் நோய் எங்கிருந்து வரும் என்று கேட்டது. தும்பைக்கும் அது சரியென்றே பட்டது. நாணலைப் பல்லால் அறுத்தாள். குருவிகளை விரட்டினாள். கடைசியாகச் சாணியுருட்டி வண்டின் முன் போய் நின்றாள்.

"நீயும் கிளம்பு. உன் தொழிலைச் சொல்லவே எனக்கு நா கூசுகிறது."

"நான் சாணியைக் கொண்டு வருகிறவன் இல்லை, அக்கா. கொண்டுபோய்ப் புதைக்கிறவன்" என்றது வண்டு.

"எதுவானாலும் வெளியே போய்ச் செய்."

வண்டு தன் உருண்டையைத் தள்ளிக்கொண்டு பனிக்குள் கரைந்தது.

தோட்டம் எவ்வளவு சுத்தமாயிற்று தெரியுமா? மாலை வெயில் பாத்தியில் கால் வைத்ததும் வழுக்கி விழுந்தது. தவளைச் சத்தம் இல்லை. குருவிச் சத்தம் இல்லை. தும்பை தன் மூச்சைத் தானே கேட்டபடி, கனவில் நிற்பதுபோல் நின்றாள்.

பிறகு மழை வந்தது.

ஓடைக்கு மேலே காட்டெருமைகள் புரளும் சேற்றுப் பள்ளம் ஒன்று உண்டு. ஒவ்வொரு மழைக்கும் அங்கிருந்து சாணித்தண்ணீர் இறங்கும். நாணல்கள் சேற்றைப் பிடித்துக்கொண்டு தெளிந்ததைத்தான் இந்தப் பக்கம் விடும். இந்த முறை பிடிக்க ஒரு நாணல்கூட இல்லை. பாத்தியெல்லாம் பழுப்பாயிற்று. அள்ளிப் புதைக்க வண்டும் இல்லை.

மழை விட்டதும் மான் தன் குட்டியோடு கீரைக்கு வந்தது. ஓடையில் ஒரு முக்கு முக்கிக் கொடுத்துவிடு, யாருக்குத் தெரியப்போகிறது என்று குரங்கு காதைக் கடித்தது. தும்பை ஒரு பிடி கீரையை எடுத்தாள். குட்டியின் முகத்தைப் பார்த்தாள். கீழே போட்டாள்.

"இன்றைக்கு ஓர் இலைகூடக் கிடையாது, மானக்கா. எல்லாம் கெட்டுவிட்டது. கெடுத்தவள் நான்தான்."

கரடியிடமும் அவளே போய்ச் சொன்னாள். யார் வயிறும் கெடுவதற்கு முன்னால் வந்து சொன்னதால், கரடி தாடையைச் சொறிந்து ஒரு பருவம் தவணை கொடுத்தார்.

தும்பை பனிக்குள் புகுந்து வண்டைக் கண்டுபிடித்தாள். எப்படிக் கூப்பிடுவதென்று தெரியவில்லை. அதன் உருண்டைக்குத் தானும் ஒரு கை கொடுத்தாள்.

"வழுக்கும், அக்கா. பார்த்துத் தள்ளு" என்றது வண்டு.

நாணலை மறுபடி நட்டார்கள். பாத்திகளை ஓடையிலிருந்து பத்துத் தாவல் தள்ளிப் போட்டார்கள். குருவி உட்காரும் கிளைக்கு நேர்கீழே முளைத்ததைப் பறிப்பதில்லை, சுனைத்தண்ணீரில் கழுவாமல் தின்பதில்லை என்றும் முடிவாயிற்று. நாணல் தழைத்தது. தவளைகள் பனிக்குள் தாலாட்டத் தொடங்கின. புதுக்கீரை வந்தது.

"முதலில் என் வயிறு" என்று கரடி ஒரு பாத்தியையே தின்றுவிட்டுப் படுத்தார். காடே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. ஓடைகூட நின்று பார்த்தது. மூன்றாம் நாள் கரடி ஒற்றைக் கண்ணைத் திறந்தார்.

"அடுத்த பாத்தியில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா, தும்பை?"

பிள்ளைகளே, நீதியை ஊரெல்லாம் சொல்லுங்கள். யார் சொன்னது என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். அந்தக் குரங்குக்கு நம் தெருவரை வழி தெரியும்.

நீதி: அழுக்கை விலக்கு, அழுக்கைத் தடுப்பவரை விலக்காதே.